கத்தரிப் பூவை உலுக்கும் தேனீ

கத்தரிப் பூவைக் கிட்டத்தில் பாருங்கள். ஊதா இதழ்களின் நடுவே மஞ்சளாக 5 அல்லது 6 மகரந்தப் பைகள் கூம்பாகச் சேர்ந்து நிற்கும். பெரும்பாலான பூக்களில் இந்தப் பை நீளவாக்கில் வெடித்து, மகரந்தம் தானாக வெளியே வந்துவிடும். கத்தரியில் பையின் நுனியில் சிறு துளைதான் உண்டு. பெட்டியில் வளர்க்கிறோமே, அந்தத் தேனீக்கு இதைத் திறக்கும் வித்தை தெரியாது.

நீலப்பட்டைத் தேனீக்குத் தெரியும். வயிற்றில் நீல வரிகள் மின்ன வந்து பூவைக் கால்களால் இறுக்கிக்கொள்ளும். இறக்கையை அடிக்காமல், பறக்க உதவும் மார்புத் தசைகளை மட்டும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிரச் செய்யும். கோலக்குழாயைத் தட்டினால் மாவு கொட்டுவதுபோல் துளை வழியே மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். அப்போது எழும் கூர்மையான ரீங்காரம் நம் காதிலும் விழும். தடித்த கருவண்டும் இப்படித்தான் உலுக்கும். காற்று அசைத்தாலும் கத்தரி ஓரளவு காய்க்கும். ஆனால் இவை வந்துபோகும் செடியில் காய் கூடுதலாகப் பிடிக்கும். சூல்தண்டு குட்டையான பூக்கள் மட்டும் யார் வந்தாலும் உதிரத்தான் செய்யும்.

இதில் எனக்குப் பெரிய வியப்பு வேறு. கத்தரிப் பூவில் தேனே கிடையாது! குஞ்சுகளுக்கு மகரந்தம் இங்கே கிடைக்கும். தேனீ தன் பசிக்கு வேறு பூவைத் தேட வேண்டும். ஆகவே மாடியில் பத்துத் தொட்டி கத்தரி வைத்தால் மட்டும் போதாது. பக்கத்தில் துளசி வேண்டும், அதுவும் கதிரைக் கிள்ளாமல் பூக்க விட்ட துளசி. தும்பை முளைத்தால் பிடுங்காதீர்கள்.

வீடும் வேண்டும். நீலப்பட்டைத் தேனீ கூட்டமாக வாழ்வதில்லை. பெண் தேனீ மண்ணிலோ மண்சுவரிலோ தானே வளை தோண்டி முட்டையிடும். கருவண்டுக்குக் காய்ந்த மரமும் மூங்கிலும். எல்லா இடத்திலும் சிமென்ட் பூசிவிட்டு, தேனீ வரவில்லையே என்றால் எப்படி வரும்?

பூச்சியைத் தின்னும் பூச்சிக்கும் இதே கணக்குதான். பொறிவண்டை எல்லோருக்கும் பிடிக்கும். அதன் புழுவோ கறுத்து, நீண்டு, ஆரஞ்சுப் புள்ளிகளோடு அசுவினிக் கூட்டத்துக்குள் ஊரும். செடியைத் தின்கிறது என்று நினைத்து நசுக்கிவிடுகிறோம். உண்மையில் அது நூற்றுக்கணக்கில் அசுவினியைத் தின்றுதான் வண்டாகிறது. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி, இலையில் மயிரிழைக் காம்பு நட்டு அதன் நுனியில் ஒற்றை முட்டை வைக்கும். எறும்புக்கு எளிதில் எட்டாது. வளர்ந்தபின் இத்தகைய பூச்சிகள் பலவற்றுக்குத் தேனும் மகரந்தமும் தேவை. கொத்தமல்லியைப் பூக்க விட்டால் குட்டை வாய்க்கும் அந்தத் தேன் எட்டும்.

ஆகவே தட்டைப்பயறில் அசுவினி கண்டதும் மருந்தைத் தூக்காதீர்கள். இரையே இல்லாத தோட்டத்தில் பொறிவண்டு முட்டையிடாது. அளவு மீறினால் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலும் இந்த நல்ல பூச்சிகளின் புழுக்களைப் பாதிக்கக்கூடியதே. தவிர்க்க முடியாதபோது, தேனீக்கள் அடங்கிய பிறகு, தாக்கப்பட்ட கிளையில் மட்டும் தெளியுங்கள்.