காலையில் நொண்டும் குழந்தை: பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

நாலு வயதுச் சிறுமி. காலையில் எழுந்ததும் நொண்டுகிறாள். படி இறங்க மறுக்கிறாள். "தூக்கிக்கோ அம்மா" என்று கையை நீட்டுகிறாள். பத்து மணி ஆனதும் தெருப் பிள்ளைகளோடு ஓடுகிறாள்!

"பள்ளிக்கூடம் போக மனம் இல்லை. பாசாங்கு செய்கிறாள்" என்கிறார், தகப்பனார்.

"எங்கேயாவது விழுந்திருப்பாள். எண்ணெய் தடவு" என்கிறார், பாட்டி.

ஒரு மாதம் கழிந்தது. நொண்டல் போகவில்லை. முழங்கால் வீங்கி, தொட்டால் சுடுகிறது.

இது பாசாங்கு அல்ல. குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதமாக இருக்கலாம்.

குழந்தைக்கு வாதமா?

"வாதம் கிழவர்களின் நோய் ஆயிற்றே!" என்று பலர் நினைக்கிறார்கள். 16 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும் அது வரும். ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு குழந்தைக்கு இந்த நோய் இருப்பதாக டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள்.

1897-ம் ஆண்டில், லண்டன் நகர டாக்டர் ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டில், மூட்டு வீங்கிய 22 குழந்தைகளைப் பற்றி எழுதினார். குழந்தைகளின் வாதம், பெரியவர்களின் வாதத்தில் இருந்து வேறுபட்டது என்று எடுத்துக் காட்டினார்.

நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தி, தவறிப்போய் மூட்டையே தாக்குகிறது. இரவு முழுவதும் அசையாமல் கிடந்த மூட்டு இறுகிப் போகிறது. நடக்க நடக்க இளகுகிறது. காலையில் நொண்டிய பிள்ளை பிறகு ஓடுவது இதனால்தான்.

இது ஒட்டுவார் ஒட்டி அல்ல. தாய் செய்த தவறாலும் வரவில்லை.

மூட்டு வீக்கம் 6 வாரமாவது நீடித்து, வேறு காரணம் இல்லை என்று தெரிந்த பிறகே, டாக்டர்கள் இந்த நோய் என்று முடிவு செய்கிறார்கள். கிருமியாலும், ரத்தப் புற்றுநோயாலும்கூட மூட்டு வலிக்கும். ஆகவே, ரத்தப் பரிசோதனைக்குத் தயங்கக் கூடாது.

புதுக் குறி தெரிந்தால்...

சிகிச்சை நடக்கும்போதே ஒரு நாள் புதிதாக ஏதாவது தெரியும். தாயின் நெஞ்சு பதறும்.

குழந்தை ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா? தாடை மூட்டைக் கவனிக்க வேண்டும். பொத்தான் போடத் திணறுகிறதா? விரல் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். ஒரு கால் நீளமாகத் தெரிகிறதா? அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வரை காத்திருக்காமல், சில நாட்களுக்குள் டாக்டரிடம் காட்டுங்கள்.

வலிக்காத ஆபத்து

மூட்டுவாதம் கண்ணையும் தாக்கும். பெரும்பாலும் கண் சிவக்காது. வலிக்காது. நீர் வடியாது. பார்வை மங்குவதைக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. கால் வீக்கம் வற்றிய பிறகும் இது வரலாம்.

சிறு வயதிலேயே மூட்டுவாதம் வந்த பெண் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். கண் டாக்டரின் கருவியில் பார்த்தால்தான் தெரியும். பல குழந்தைகளுக்கு 3 மாதத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை தேவை. "கண் நன்றாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடக் கூடாது.

வெளிச்சத்தைக் கண்டு கூசினாலோ, கண்மணியில் வெண்மை தெரிந்தாலோ அன்றே காட்டுங்கள்.

உடனே ஓடுங்கள்!

ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, காய்ச்சல் அடித்து, தொட விடாமல் குழந்தை அலறினால், மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

இந்த வாதத்தில் ஒரு வகை உண்டு. தினமும் காய்ச்சல் ஏறி இறங்கும். உடம்பில் சிவந்த தடிப்புகள் தோன்றி மறையும். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்காமலே நின்றாலோ, மயங்கிச் சோர்ந்தாலோ, மூக்கில் ரத்தம் வடிந்தாலோ உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

மருந்தில் கவனம்

'மெத்தோட்ரெக்சேட்' என்ற மருந்து வாரத்துக்கு ஒரே நாள்தான். தவறித் தினமும் கொடுத்தால் பெரும் கேடு. கிழமையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 'ஸ்டீராய்டு' மருந்தைத் தாங்களாகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. மருந்து சாப்பிடும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, வீட்டில் யாருக்காவது அம்மை போட்டாலோ அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். தடுப்பூசி போடும் முன்பும் கேளுங்கள்.

குழந்தையின் மனம்

வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் நம்புங்கள். காலையில் வெந்நீரில் குளிப்பாட்டினால் மூட்டு இளகும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாத வரை, விளையாட விடுங்கள். அசையாத மூட்டு மேலும் இறுகும். பள்ளி ஆசிரியரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

"ஊசி வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். "கொஞ்சம் வலிக்கும். பத்து எண்ணு. அம்மா பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். தாயின் முகம் கலங்கினால் குழந்தையும் கலங்கும்.

1999-ம் ஆண்டில், 'எடனர்செப்ட்' என்ற ஊசி மருந்தை இந்தக் குழந்தைகளுக்கு அமெரிக்கா அனுமதித்தது. அதன்பின் வேறு பல மருந்துகளும் வந்துள்ளன. தொடக்கத்திலேயே சிகிச்சை செய்தால், பல குழந்தைகளின் மூட்டைக் காப்பாற்ற முடிகிறது.

அந்த நாலு வயதுச் சிறுமி இன்னமும் சில காலைகளில் நொண்டுவாள். ஆனால், "பாசாங்கு" என்ற பேச்சு அந்த வீட்டில் இனி எழாது. வெந்நீர் தயாராக இருக்கும். படி இறங்கும்போது, தகப்பனாரின் கை நீண்டிருக்கும்.