தொடக்கத்திலேயே நின்றுவிடும் கணினி: தமிழ்ப்பள்ளி ஆவணங்களைக் காக்கும் நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் கணினிப் பயன்பாட்டில் 2003ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கதாகும். அறிவியல், கணிதப் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் அவ்வாண்டு தொடங்கியபொழுது மடிக்கணினிகளும் ஒளிவீழ்த்திகளும் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. அத்திட்டம் பின்னர்க் கைவிடப்பட்டது. ஆயினும், கணினியில் தமிழைத் தட்டச்சு செய்யும் பழக்கம் ஆசிரியரிடையே வேரூன்றிவிட்டது. தேர்வுத் தாள்கள், பயிற்றிகள், பள்ளி ஆண்டுமலர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்புகள் எனப் பலவும் கணினிக் கோப்புகளாகவே உருவாயின.

மலாக்காவைப் பொறுத்தவரை இக்கோப்புகளுக்குத் தனி மதிப்புண்டு. 1896இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதே மலாயாவின் வணிக முறையிலான ரப்பர்த் தோட்டத்திற்குத் தொடக்கமாகும். புக்கிட் அசகான் தோட்டமும் அவர் முயற்சியிலேயே அடுத்து எழுந்தது. இத்தகைய தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் வரலாறு அச்சேறியது குறைவு. தோட்டங்கள் கைமாறி, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட நிலையில், ஓர் ஆசிரியர் ஆண்டுமலருக்காகத் தட்டச்சு செய்த நான்கு பக்கக் குறிப்பே ஒரு தோட்டத்தைப் பற்றிய எழுத்துச் சான்றாக எஞ்சக்கூடும். அக்குறிப்பைத் தாங்கிய கணினி ஒருநாள் தொடக்கத் திரையிலேயே நின்றுவிட்டால் என் செய்வது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

கணினி இயங்கத் தொடங்கும் படிகள்

கணினியின் பொத்தானை அழுத்தியது முதல் முகப்புத்திரை தோன்றும் வரை நான்கு படிகள் நிகழ்கின்றன. முதற்படியில் மின்சாரம் தாய்ப்பலகையை அடைகின்றது. இரண்டாம் படியில் தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் அல்லது அதன் வழித்தோன்றலான யூஇஎஃப்ஐ என்னும் நிலைபொருள் நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு ஆகியவற்றைச் சோதிக்கின்றது. மூன்றாம் படியில் அது வன்தட்டிலுள்ள தொடக்க நிரலைத் தேடி இயங்குதளத்தை ஏற்றுகின்றது. நான்காம் படியில் பயனர் கடவுச்சொல்லைத் தந்தபின் அவருக்குரிய செயலிகள் திறக்கின்றன.

கணினி எப்படியில் நின்றது என்பதை அறிந்தால் கோளாற்றின் பாதி விளங்கிவிடும். எனவே, 'கணினி கெட்டுவிட்டது' என்று கூறுவதற்கு மாறாக, திரையில் இறுதியாகத் தோன்றியது யாது என்பதைக் குறித்துக்கொள்ளுதல் நன்று.

படிக்கேற்ற தீர்வுகள்

திரை முற்றிலும் இருண்டிருந்து விசிறி மட்டும் சுழலுமாயின், நினைவகப் பலகையின் தொடுமுனைகளைச் சோதிக்க வேண்டும். ஈரப்பதமும் தூசும் அம்முனைகளில் படிந்து மின்தொடர்பைத் தடுப்பதுண்டு. மின்கம்பியை அகற்றி, பலகையைக் கழற்றி, முனைகளை மென்மையான அழிப்பானால் துடைத்து மீண்டும் பொருத்தினால் பெரும்பாலும் பயன் கிட்டும்.

தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் தோன்றி அத்துடன் நின்றால், இணைக்கப்பட்ட வெளிக்கருவிகள் அனைத்தையும் முதலில் அகற்ற வேண்டும். செருகியபடியே மறந்துவிட்ட ஒரு விரலியே தடையாக அமைதல் உண்டு. பழைய மேசைக் கணினியில் நாள், நேரம் ஆகியன பல ஆண்டுகள் பின்னோக்கிக் காட்டப்படின், தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது என்பது பொருள். அதனால் பயாஸ் அமைப்புகள் அழிந்து, கணினி தன் வன்தட்டையே அடையாளம் காணாது நிற்கக்கூடும். மின்கலத்தை மாற்றி அமைப்புகளைச் சரிசெய்வதே இதற்குத் தீர்வு.

விண்டோஸ் சின்னத்தின்கீழ்ப் புள்ளிகள் சுழன்றுகொண்டே இருப்பின், புதுப்பிப்பு ஒன்று நிறைவுறாமல் இருக்கலாம். வன்தட்டு விளக்கு சிமிட்டும்வரை மின்சாரத்தைத் துண்டிக்காது ஒரு மணி நேரமேனும் பொறுத்திருத்தல் வேண்டும். அதன் பின்னும் மாற்றமில்லையெனில் பாதுகாப்பு முறையில் திறக்க முயலலாம். விண்டோஸ் எக்ஸ்பி, 7 ஆகியவற்றில் தொடக்கத்தில் எஃப்8 விசையை அழுத்தினால் அம்முறை கிட்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் தொடக்கம் இரண்டு மூன்று முறை தடைப்பட்டால் மீட்புத்திரை தானே தோன்றும். அங்கிருந்து அண்மைய புதுப்பிப்பை நீக்கவும் முந்திய நிலைக்குத் திரும்பவும் இயலும்.

கடவுச்சொல்லைத் தந்தபின் கணினி நின்றால், பெரும்பாலும் தாமே திறக்கும் செயலிகளோ இணையத் தொடர்போ காரணமாகும். வலைத்தொடர்பைத் துண்டித்து மீண்டும் தொடங்கிப் பார்க்கலாம்.

நின்ற கணினி, அழிந்த கணினி அன்று

2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் தொடங்க இயலாமல் நின்றன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. ஆயின், பாதுகாப்பு முறையில் நுழைந்து ஒரே ஒரு கோப்பை நீக்கியதும் அவை மீண்டன. கணினி தொடங்காமை வேறு, அதிலுள்ள ஆவணங்கள் அழிதல் வேறு என்பதற்கு இந்நிகழ்வு தக்க சான்றாகும்.

இவ்வேறுபாட்டை அறியாமையே பேரிழப்பிற்கு வழிகோலுகின்றது. பழுதுபார்ப்போருக்கு வன்தட்டை வெறுமையாக்கி இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே எளிய வழி. கணினி இயங்கும், ஆவணங்கள் இரா. ஆகவே, முதலில் மீட்பு, பின்னரே பழுதுபார்ப்பு என்னும் வரிசை மாறலாகாது. கணினியைக் கடைக்கு அனுப்புமுன் 'வன்தட்டை அழிக்க வேண்டா' என்று எழுத்தில் தருதல் சாலச் சிறந்தது.

மீட்பதற்கு இரு வழிகள் உள. ஒன்று, உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை விரலியில் ஏற்றி, நிறுவாமலேயே அதன்வழிக் கணினியைத் தொடங்கிக் கோப்புகளைப் படியெடுத்தல். மற்றொன்று, வன்தட்டைக் கழற்றி இணைப்பி ஒன்றின் துணையால் வேறு கணினியில் பொருத்துதல். வன்தட்டு 'டக் டக்' என ஒலித்தால் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது கேட்டையே மிகுவிக்கும். உடனே நிறுத்திவிட வேண்டும். புதிய கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு இயங்குமாயின், 48 இலக்க மீட்புத் திறவுகோல் இன்றி எவ்வழியும் பயன்படாது. அதனை முன்கூட்டியே அச்சிட்டு வைத்தல் இன்றியமையாதது.

எழுத்துருவையும் மீட்டல்

ஒருங்குறி பரவலாகும் முன்னர்த் தட்டச்சான தமிழ்க் கோப்புகள் 8 பிட் குறியாக்கங்களில் அமைந்தவை. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இந்நாட்டில் பரவலாகப் பயன்பட்டது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியாக்கங்கள் தோன்றின. டிஸ்கி என்பது பிறிதொன்று. இக்கோப்புகளை மட்டும் படியெடுத்து எழுத்துருவை விட்டுவிட்டால், புதிய கணினியில் பொருளற்ற குறிகளே தோன்றும். ஆதலின், பழைய விண்டோஸ் கோப்புறையினுள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்தே படியெடுக்க வேண்டும். கோப்பு எக்குறியாக்கத்தில் அமைந்தது என்பதை அறிய அதுவே துணை.

ஒருங்குறிக்கு மாற்றுகையில் வேறொரு சிக்கலும் எழும். டாப், டிஸ்கி ஆகியவை உரோமன் எழுத்துகளுக்கும் இடமளித்தவை. டாம் தமிழுக்கு மட்டுமே உரியது. உரோமன் எழுத்துகளின் இடங்களையும் தமிழுக்கே எடுத்துக்கொண்டது. எனவே, டாம் கோப்பொன்றில் வேறு எழுத்துருவில் இடையிடையே எழுதப்பட்ட மலாய் ஊர்ப்பெயர்கள், முழுக்கோப்பையும் ஒருசேர மாற்றும்பொழுது பொருளற்ற தமிழெழுத்துக் கோவைகளாகத் திரியும். தோட்ட வரலாற்றுக் குறிப்பில் ஊர்ப்பெயரே சிதைந்தால் ஆய்வாளருக்குப் பயன் குன்றும். மாற்றிய படியை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதும், மூலக் கோப்பை மாற்றாது பேணுவதும் கடமையாகும்.

முடிவுரை

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதற்கென ஆசிரியர்கள் உருவாக்கிய பயிற்சித் தாள்கள் வகுப்பறைத் தேவையிலிருந்து நீங்கி, தமிழ்க்கல்வி வரலாற்றுச் சான்றுகளாகியுள்ளன. பயன் முடிந்தது என்று ஒதுக்கப்படும் பழைய கணினிகளிலேயே இத்தகையவை தங்கிவிடுகின்றன. பள்ளிதோறும் ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு கணினியிலும் உள்ளவை, கடவுச்சொற்களும் மீட்புத் திறவுகோலும் பூட்டிவைக்கப்பட்டுள்ள இடம், படிகள் இருக்குமிடம் ஆகியவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். இரு படிகளுள் ஒன்றேனும் பள்ளிக்கு வெளியே இருத்தல் நலம். கல்வியமைச்சின் டெலிமா கணக்கையும் இதற்குப் பயன்படுத்தலாம். பழைய கணினி ஒன்றைக் கழிப்பதற்கு முன், அதனை ஒருமுறை திறந்து பார்க்கும் பொறுப்பைத் தமிழாசிரியரே ஏற்பது தக்கது. கோப்புகளின் மதிப்பைக் கண்டறிய வல்லவர் அவரேயாவர்.