சோர்வும் ஒரு காவலே

பகைவனை அழிப்பதே நோயெதிர்ப்பாற்றலின் பணி என எண்ணுகிறோம். எவ்விடத்தில் அடங்க வேண்டும் என அறிவதும் அதன் பணியே. இவ்வுண்மையை அறிஞர்க்கு உணர்த்தியது சுண்டெலிகளைப் பற்றும் எல்.சி.எம்.வி. என்னும் வைரஸ் ஆகும்.

எலும்பு மஜ்ஜையில் தோன்றி, நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி பெறும் வெள்ளணுக்களே டி செல்கள். வைரஸ் புகுந்த உயிரணு, அவ்வைரஸின் புரதத் துணுக்குகளைத் தன் மேற்பரப்பிலுள்ள எம்.எச்.சி. மூலக்கூறுகளில் ஏந்திக் காட்டும். துணுக்கையும் அதனை ஏந்தும் மூலக்கூறையும் ஒருங்கே கண்டால்தான் கொல்லும் டி செல் அவ்வுயிரணுவை அழிக்கும். இந்த நுட்பத்தை இதே வைரஸைக் கொண்டு கான்பராவில் கண்டறிந்து 1974இல் வெளியிட்ட பீட்டர் டோஹர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் ஆகிய இருவரும் 1996இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வைரஸின் ஆம்ஸ்ட்ராங் வகையைச் சுண்டெலியின் டி செல்கள் ஏறத்தாழ 8 நாட்களில் ஒழித்துவிடுகின்றன. குளோன் 13 என்னும் திரிபோ பல வாரங்கள் உடலில் தங்கிவிடுகிறது. ஓயாது பகையைக் காணும் டி செல்கள் படிப்படியாகத் திறன் குன்றுகின்றன. முதலில் இன்டர்லூகின்-2 சுரப்பு நிற்கிறது. முடிவில் இன்டர்ஃபெரான்-காமா சுரப்பும் தளர்கிறது. அறிவியலார் இந்நிலையை டி செல்லின் சோர்வு என்பர்.

இச்சோர்வு மீளாததா? ஹைதராபாத்தில் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்திய ரஃபி அஹமதும் அவருடன் இணைந்த ஆய்வாளரும் 2006இல் விடை கண்டனர். தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகம் 1992இல் கண்டறிந்த பி.டி.-1 என்னும் புரதம் சோர்ந்த டி செல்களில் மிகுந்திருந்தது. பி.டி.-எல்1 என்னும் மற்றொரு புரதம் அதனைப் பற்றும்போது, கடிவாளம் இழுத்தாற்போல் டி செல் அடங்கிவிடுகிறது. அப்பிணைப்பை எதிர்ப்பொருளால் தடுத்தபோது செல்கள் மீண்டும் வீறு பெற்றன, வைரஸும் குறைந்தது.

எனினும், அவ்வாய்வே மற்றொன்றையும் காட்டியது. பிறவியிலேயே பி.டி.-எல்1 அற்ற சுண்டெலிகளைக் குளோன் 13 தாக்கியபோது அவை மாண்டன. அவற்றைக் கொன்றது கட்டுக்கடங்காத அவற்றின் நோயெதிர்ப்பே! தொலையாத பகையோடு முடிவின்றிப் பொருதால் வீடே இடியும். ஆகவே உடல் தன் வீரரை அடக்கி வைக்கிறது.

இக்கடிவாளத்தைத் தளர்த்தும் மருந்துகள் இன்று புற்றுநோயாளர் பலருக்கு வாழ்வளிக்கின்றன. அவ்வழிக்கு வித்திட்ட ஹோஞ்சோவும் ஜேம்ஸ் அலிசனும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் சிலருக்கு அம்மருந்தால் குடலையும் நுரையீரலையும் தம் டி செல்களே தாக்குவதுண்டு. எனவே கடிவாளத்தை எப்போது, எவ்வளவு தளர்த்துவது என்பதே மருத்துவர்முன் உள்ள வினா. ஆற்றலினும் அரியது அதன் அளவறிதல் அன்றோ!