வரி ஆபீஸிலிருந்து ஒரு கடிதம்!

காலை பத்து மணி. குழந்தைகள் பள்ளிக்கூடம் போயாகிவிட்டது. சமையலறையை ஒழித்துப் போட்டுவிட்டு, கூடத்து மூலையிலுள்ள மேஜை முன்னால் உட்காருகிறீர்கள். அதுதான் உங்கள் ஆபீஸ்! ஒரு கம்பெனிக்கு மொழிபெயர்ப்பு, இன்னொன்றுக்குச் சித்திரம், வேறொன்றுக்குக் கணக்கு வேலை. யாரிடமும் மாதச் சம்பளம் கிடையாது. செய்த வேலைக்குப் பில் அனுப்பிப் பணம் வாங்குகிற சுயேச்சையான தொழில்.

அந்தச் சமயம் பார்த்து வந்து நிற்கிறது ஒரு மின்னஞ்சல். 'தங்கள் வரவு பற்றிச் சில விளக்கங்கள் தேவை' என்கிறது. அனுப்பியிருப்பது ஜி.எஸ்.டி. இலாகா!

கையிலிருந்த காப்பி ஆறிப் போகிறது. 'நான் யாரையும் ஏமாற்றவில்லையே!' என்று மனம் படபடக்கிறது. வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். "பேசாமல் இரு. பதில் எழுதினால்தான் வம்பு" என்கிறார் ஒரு பெரியவர்.

சகோதரி, எந்த யோசனையைக் கேட்டாலும் இந்த யோசனையை மட்டும் கேட்காதீர்கள்! வந்திருப்பது தீர்ப்பு அல்ல, ஒரு கேள்வி. கேள்விக்குப் பதில் சொன்னால் பெரும்பாலும் அத்தோடு தீரும். மௌனமாக இருந்தால்தான் அது தீர்ப்பாக மாறும்.

முதலில், இது என்ன வரி என்று பார்ப்போம். ஒரு பொருள் கை மாறும் ஒவ்வொரு கட்டத்திலும், அங்கே கூடிய மதிப்புக்கு மட்டும் வரி வாங்குவது என்ற ஏற்பாட்டை 1954-ல் பிரான்சு தேசம் கொண்டு வந்தது. அதுவே 'வாட்' என்கிற மதிப்புக் கூட்டு வரி. தமிழ்நாட்டில் இது 2007 ஜனவரியில் நுழைந்தது. 2017 ஜூலை முதல் தேதியன்று இந்தியா முழுவதற்கும் ஜி.எஸ்.டி. என்ற புதிய உருவம் எடுத்தது. அதிலிருந்து உங்களைப் போல் சேவை செய்து சம்பாதிப்பவர்களும் இந்த மாநில வரிக்காரர் கண்ணில் பட ஆரம்பித்தார்கள்.

உங்கள் வரவு அவர்களுக்கு எப்படித் தெரியும்? இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. உங்களுக்குப் பணம் கொடுக்கும் கம்பெனி வருமான வரி பிடித்தம் செய்து, அதை உங்கள் 'பான்' எண்ணில் கட்டிவிடுகிறது. அந்த விவரத்தை இரண்டு இலாகாக்களும் பகிர்ந்துகொள்கின்றன. 2025 ஜூலையில் கர்நாடகத்தில், செல்போன் மூலம் வந்த பணத்தைக் கூட்டிப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் போனது நினைவிருக்கலாம். வரியே இல்லாத காய்கறி விற்றவருக்குக்கூட நோட்டீஸ் போயிற்று! இயந்திரம் கூட்டல்தான் போடும். விவரத்தை நாம்தான் சொல்ல வேண்டும்.

இனி முக்கியமான எண்ணுக்கு வருவோம். தமிழ்நாட்டில் சேவை செய்பவர்களுக்கு, ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். ஊறுகாய், அப்பளம் போட்டு மாநிலத்துக்குள்ளேயே விற்பது போன்ற சரக்கு வியாபாரத்துக்கு இந்த வரம்பு 40 லட்சம். விருந்துக்குச் சமைத்துக் கொடுப்பதோ சேவைக் கணக்கு! இங்கே பார்ப்பது லாபத்தை அல்ல, வரவை. வரி இல்லாத வீட்டு வாடகை உங்கள் பேரில் வந்தால் அதுவும் கணக்கில் சேரும். சம்பளமோ, கைமாற்றுக் கடனோ, வீட்டார் கொடுத்த பணமோ சேராது.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு பெண்மணியின் பாங்குக் கணக்கில் ஒரு வருஷத்தில் 23,60,000 ரூபாய் வரவு என்று வைத்துக்கொள்வோம். வரம்பைத் தாண்டிவிட்டதே என்று பயந்துவிட வேண்டாம். அதில் 3,00,000 வீட்டுச் செலவுக்காகக் கணவர் போட்டது. 2,00,000 முதிர்ந்த வைப்புத் தொகையின் அசல். 60,000 தங்கை திருப்பிக் கொடுத்த கைமாற்று. இவற்றைக் கழித்தால் தொழில் வரவு 18,00,000தான். இந்த நாலு வரிக் கணக்கும், அதற்கு ஆதாரமான பாங்குப் புத்தக நகலுமே அவருடைய பதில்!

கடிதம் வந்ததும் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

கடிதம் அசல்தானா என்று பாருங்கள். இலாகாக் கடிதத்தில் ஓர் அடையாள எண் இருக்கும். அது உண்மைதானா என்பதை இலாகாவின் இணையதளத்திலேயே சோதிக்கலாம். மின்னஞ்சலில் வந்த லிங்க்கை அழுத்தாமல், இணையதள முகவரியை நீங்களே தட்டச்சுச் செய்து போங்கள். போலி நோட்டீஸ் அனுப்பிப் பணம் பறிப்பவர்களும் உண்டு.

கெடு தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். பதிவு செய்துகொண்டவர்களின் கணக்கில் முரண் தெரிந்தால் 'ஏ.எஸ்.எம்.டி.-10' என்ற நோட்டீஸ் வரும். அதற்குப் பதில் சொல்லச் சாதாரணமாக 30 நாள் வரை அவகாசம் உண்டு. உங்கள் பதில் திருப்தியாக இருந்தால், 'ஏற்றுக்கொண்டோம்' என்று அவர்களே எழுதி முடித்துவிடுவார்கள். அவகாசம் போதாவிட்டால், கெடு முடியுமுன் காரணம் காட்டி எழுதிக் கேளுங்கள்.

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். எந்த வருஷம், எந்தத் தொகை என்று கேட்டார்களோ அதற்கே கணக்கும், பில்லும், ஒப்பந்த நகலும் இணைத்தால் போதும். குடும்ப கஷ்டத்தையெல்லாம் எழுத வேண்டாம். நீங்கள் அனுப்பியதற்கு ஒப்புகை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

நேரில் பேச வேண்டுமா? எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கு எதிராக உத்தரவு போடுமுன் உங்கள் கட்சியைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். தனியே போகத் தயக்கமா? ஆடிட்டரோ வக்கீலோதான் வர வேண்டும் என்பதில்லை. உங்கள் உறவினர் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்து அனுப்பவும் சட்டம் இடம் தருகிறது.

சரி, கணக்குப் பார்த்ததில் வரம்பைத் தாண்டியது உண்மைதான் என்று தெரிகிறது. அப்போது? மறைக்காதீர்கள். தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவு செய்துகொள்வது முறை. தவறியிருந்தால், ஏமாற்றும் எண்ணம் இல்லாத வரையில், ஷோகாஸ் நோட்டீஸ் வருமுன்பே வரியை வட்டியோடு கட்டிவிட்டால் பொதுவாக அபராதம் கிடையாது. வட்டி மட்டும் வருஷத்துக்கு 18 சதவிகிதம். நாளைக் கடத்தக் கடத்த அது வளர்ந்துகொண்டே போகும்.

மௌனத்தின் விலை என்ன என்பதையும் கேளுங்கள். இணையதளத்தில் நோட்டீஸை ஏற்றிவிட்டாலே, உங்களிடம் சேர்ப்பித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு மூலையில் கிடந்த நோட்டீஸைப் பார்க்காமல் விட்டு, பாங்குக் கணக்கு முடங்கிய பிறகு திடுக்கிட்டவர்கள் உண்டு. அப்படிப் பலர் சென்னை உயர் நீதிமன்றத்தின் படி ஏறினார்கள். பலருக்கு மறுபடி விசாரணை கிடைத்தது. ஆனால் கேட்ட வரியில் ஒரு பகுதியை முதலில் கட்டும்படி பலருக்கு நிபந்தனை விதிக்கப்பட்டது. அதனால், பதிவு செய்தவர்கள் வாரம் ஒரு முறையாவது அந்த இணையதளத்தை எட்டிப் பாருங்கள். உத்தரவே வந்துவிட்டாலும், மூன்று மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம்.

பால் கணக்குக்கும் மளிகைக் கணக்குக்கும் நோட்டுப் போட்டு எழுதுகிற கைதானே உங்கள் கை? உங்கள் தொழில் வரவுக்கும் ஒரு தனி பாங்குக் கணக்கு, ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பணமும் தொழில் பணமும் கலக்காமல் இருந்தால், எந்தக் கேள்வி வந்தாலும் அரை மணியில் பதில் எழுதிவிடலாம்.

காப்பியும் ஆறாது!