கொம்புள்ள வண்டெல்லாம் தென்னைக்கு எதிரி அல்ல

மழைக்காலத்தில் மாலை விளக்கு ஏற்றியதும் தலையில் கொம்புள்ள பெரிய கறுப்பு வண்டுகள் வந்து விழுவதுண்டு. தென்னை வைத்திருக்கும் விவசாயிகள் இவற்றைக் காண்டாமிருக வண்டு என்று எண்ணி நசுக்கி விடுகின்றனர். ஆனால் இவற்றில் ஒரு பகுதி, மாட்டுச் சாணத்தை மண்ணுக்குள் புதைத்து நிலத்தை வளப்படுத்தும் சாணி வண்டுகளாகும். இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல.

அடையாளம்

நம் நாட்டுச் சாணி வண்டுகளில் பெரிய வகைகளுள் ஒன்று 'கதார்சியஸ் மொலோசஸ்' ஆகும். சுமார் 2.5 முதல் 4 சென்டிமீட்டர் நீளமும், கறுப்பு நிறமும், அகன்று குட்டையான உடலும் கொண்டது. ஆண் வண்டின் தலையில் ஒரு கொம்பு இருக்கும். சிறிய ஆண்களில் இது குறுகியிருக்கும். பெண்ணுக்குக் கொம்புக்குப் பதில் சிறு மேடு மட்டுமே இருக்கும்.

காண்டாமிருக வண்டோ 3.5 முதல் 5 சென்டிமீட்டர் வரை நீண்டு உருண்டிருக்கும். ஆண், பெண் இரண்டிற்கும் கொம்பு உண்டு. பெண்ணின் கொம்பு சிறியது.

கொம்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். சாணி வண்டின் தலை முன்புறம் மண்வெட்டி போல் அகன்று, வாயை மேலிருந்து மறைத்திருக்கும். முதுகில் இரு இறக்கை மூடிகளும் கூடும் இடத்தில் காண்டாமிருக வண்டுக்கு முக்கோண வடிவத் தகடு தெரியும். இச்சாணி வண்டுக்குத் தெரியாது. திருப்பிப் பார்த்தால், சாணி வண்டின் நடுக்கால்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று நன்கு விலகித் தொடங்கும்.

எங்கே வாழ்கிறது?

இவ்வகை இந்தியா, இலங்கை, மியான்மர் மற்றும் தென்கிழக்கு ஆசிய நாடுகளில் பரவியுள்ளது. இரவில் பறந்து புதுச் சாணத்தைத் தேடி வரும். சாணத்தின் அடியில் வளை தோண்டி, சாணத்தை உள்ளே இழுத்துச் செல்லும். சாணத்தின் ஓரத்தில் புதுமண் குவிந்திருந்தால் இத்தகைய வண்டுகள் அங்கே வேலை செய்கின்றன என்று அறியலாம். மழைக்குப் பின் மண் ஈரமாகும்போது இவற்றின் நடமாட்டம் அதிகம்.

பெண் வண்டு மண்ணுக்குள் சாண உருண்டை செய்து அதில் முட்டையிடும். முதுகு கூனிய புழு அவ்வுருண்டைக்குள்ளேயே இருந்து சாணத்தைத் தின்று வளரும். எனவே எருக்குழியில் மக்கிய எருவுக்குள் தனியாகக் கிடக்கும், விரல் நீளம் வரை வளரும் வெள்ளைப் புழுக்கள் சாணி வண்டின் புழுக்கள் அல்ல. காண்டாமிருக வண்டின் புழு அத்தகைய எருவில்தான் வளர்கிறது.

பயன் என்ன?

சாணம் புதைவதால் உரச்சத்து வேரருகே சேருகிறது. வளைகள் வழியே மழைநீரும் காற்றும் மண்ணில் இறங்குகின்றன. ஈக்கள் பெருகுவதும் குறைகிறது. ஆஸ்திரேலியாவின் சொந்தச் சாணி வண்டுகளால் மாட்டுச் சாணத்தைச் சரிவரக் கையாள முடியவில்லை. ஆகவே அங்கு 1968-ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டனர். நமக்கோ அவை இயற்கையாகவே கிடைத்துள்ளன.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

விளக்குப் பொறியில் விழும் சாணி வண்டுகளைப் பிரித்தெடுத்து மேய்ச்சல் நிலத்தில் விட வேண்டும். எருக்குழியை அவ்வப்போது கிளறி, காண்டாமிருக வண்டின் புழுக்களைப் பொறுக்கி அழிக்கலாம். பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணத்தையும் எருவில் கலக்கலாம். மேய்ச்சல் நிலத்தில் பூச்சி மருந்து தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

மாடுகளுக்குப் போடும் 'ஐவர்மெக்டின்' மருந்து சாணத்தில் வெளியேறிச் சாணி வண்டின் புழுக்களைக் கொல்லக்கூடும். ஆகவே கால்நடை மருத்துவர் தேவை என்று கூறும் மாடுகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது நல்லது. அடுத்த முறை கொம்பு வண்டைக் கண்டால், நசுக்குமுன் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது விவசாயிக்கே லாபம்.