கணினி காட்டாத உறுப்பு: பழுதா, தொடர்பு இல்லையா?

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில், வீட்டில் ஒரு கணினி இருப்பது மாணவர்க்கு எத்துணை இன்றியமையாதது என்பதைத் தோட்டப்புறப் பெற்றோர் நன்கு உணர்ந்தனர். புதிய கணினி வாங்க வசதியற்ற குடும்பத்திற்கு, அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினியைச் சீர்செய்து கொள்வது சிறந்த வழியாகும்.

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உள்ள உறவினர் கொடுத்த வன்தட்டையும் ரேமையும் பொருத்தி இயக்கும்பொழுது, பொருத்திய உறுப்பு இருப்பதையே கணினி காட்டாமல் போவதுண்டு. உடனே அது கெட்டுவிட்டதென முடிவு செய்து, கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்குச் சென்று வேறொன்று வாங்குவது வீண்செலவாக முடியலாம். மங்கில் பால் விழவில்லை என்றால், மரம் பட்டுவிட்டதென்று தொழிலாளி உடனே சொல்வதில்லை. பால் வழியும் பாதையை முதலில் பார்க்கிறார். கணினிக்கும் அம்முறையே பொருந்தும்.

மின்சாரமும் இணைப்பும்

பெட்டியைத் திறக்குமுன் மின் இணைப்பைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். மின்சாரம் வழங்கும் உட்பெட்டியை மட்டும் ஒருபோதும் பிரிக்கலாகாது. இணைப்பைக் கழற்றிய பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

சாட்டா வகை வன்தட்டுக்கு இரண்டு கேபிள்கள் உண்டு. ஒன்று மின்சாரத்திற்கு, மற்றொன்று தகவலுக்கு. இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் வன்தட்டு தென்படாது. அதற்கும் முந்திய ஐடிஇ வகையில், ஒரே கேபிளில் உள்ள இரு தட்டுகளையும் முதன்மைத் தட்டு என அமைத்துவிட்டால் இரண்டுமே மறைந்து போகக்கூடும். ரேமின் பொன்னிற முனைகளில் அழுக்குப் படிந்திருந்தால், பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்துப் பொருத்தலாம். டிடிஆர் 3, டிடிஆர் 4 ஆகியவற்றின் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால், பொருந்தாததை அழுத்தித் திணிக்கக் கூடாது.

பயாஸ் காட்டும் வழி

கணினி தொடங்கியவுடன் ‘டெலீட்’ அல்லது ‘எஃப் 2’ விசையை அழுத்தினால், பல கணினிகளில் பயாஸ் திரை தோன்றும். வன்தட்டு அங்கேயே தென்படாவிட்டால், குறை கேபிளிலோ, இணைப்புத் துளையிலோ, பயாஸ் அமைப்பிலோ, தட்டிலோ உள்ளது. வேறு கேபிள், வேறு துளை என ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் காரணம் விளங்காது.

பயாஸில் தென்பட்டும் வின்டோஸில் தோன்றாவிட்டால், தட்டு இன்னும் பிரிவு செய்யப்படாதிருக்கலாம். பழைய கோப்புகள் உள்ள தட்டாயின், அவற்றைப் படியெடுக்காமல் ‘ஃபார்மட்’ செய்யலாகாது. ஒவ்வொரு முறையும் தேதி தவறாகக் காட்டினால், தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அதனால் பயாஸ் அமைப்புகள் மாறி, நல்ல தட்டிலிருந்தும் வின்டோஸ் தொடங்காமல் போகலாம். அதன் எண் பெரும்பாலும் 2032. விலை மிகக் குறைவு.

இயக்கியும் வின்டோஸும்

ஒலி, இணையம் போன்றவை இயங்காவிட்டால், உறுப்புகளின் பட்டியலில் மஞ்சள் குறி உள்ளதா எனக் காண்க. இருப்பின், அதற்குரிய இயக்கி மென்பொருள் இல்லாதிருக்கலாம். பட்டியலில் அவ்வுறுப்பின் நிறுவன எண்ணைப் பார்க்கலாம்: 8086 எனில் இன்டெல், 1022 எனில் ஏஎம்டி. இணைய உறுப்பே இயங்காதபொழுது, வேறொரு கணினியில் இயக்கியைப் பதிவிறக்கி யுஎஸ்பியில் கொண்டுவரலாம். 4 ஜிபி ரேம் இருந்தும் அதனினும் குறைவாகவே பயன்பட்டால், அது 32 பிட் வின்டோஸாக இருக்கக்கூடும்.

வின்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. வின்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இல்லையென அறிவிப்பு வந்தாலும், சில கணினிகளில் அது பயாஸில் முடக்கப்பட்டே இருக்கும். அங்கு இயக்கிவிட்டால் போதும். ஆயினும் செயலி மிகப் பழையதெனில் வின்டோஸ் 11 ஏற்காது.

இவ்வளவும் பார்த்த பின்னரும், நன்கு இயங்கும் வேறொரு கணினியிலும் அவ்வுறுப்பு தென்படாவிட்டால் மட்டுமே அதனைக் கழித்தல் முறையாகும். மின்னணுக் கழிவு, 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி கட்டுப்பாட்டுக்குட்பட்ட கழிவாகும். அதனைக் குப்பையோடு எரிக்காமல், சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.

பொறுமையோடு முறைப்படி ஆராய்ந்தால், பணமும் மிஞ்சும். பிள்ளைகளின் கல்வியும் தடைபடாது.