வண்டி மைலேஜ் குறைகிறதா? எத்தனால் எவ்வளவு, மற்றது எவ்வளவு?

“அண்ணாச்சி, போன வருசம் லிட்டருக்கு அம்பது குடுத்த வண்டி, இப்ப நாப்பதைத் தாண்ட மாட்டேங்குது. எல்லாம் பெட்ரோல்ல எத்தனால் கலக்குறதாலதான?”

விருதுநகரை அடுத்த சூலக்கரையில் மெக்கானிக் கடைப் பக்கம் போனால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். இங்கிருந்து சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் தினமும் டூவீலரில் போய் வருகிறவர்களுக்கு, மைலேஜ் என்பது மாதச் சம்பளத்தில் கைவைக்கிற விஷயம்.

எத்தனாலால் மைலேஜ் குறைவது உண்மைதான். ஆனால் 50 என்பது 40 ஆகும் அளவுக்குக் குறையாது. அவ்வளவு குறைந்தால் வேறு காரணம் இருக்கிறது என்று அர்த்தம்.

இ20 என்றால் என்ன?

80 பங்கு பெட்ரோல், 20 பங்கு எத்தனால் சேர்ந்ததுதான் இ20. கரும்பிலிருந்தும், உடைந்த அரிசியிலிருந்தும், நம் மாவட்டத்துக் கரிசல் காட்டிலும் விளைகிற மக்காச்சோளத்திலிருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள். நாடு முழுவதும் சராசரியாக 10 சதவீதக் கலப்பு 2022-லும், 20 சதவீதக் கலப்பு 2025-லும் எட்டப்பட்டன. இது அரசு அனுமதித்த கலப்பு, கலப்படம் அல்ல.

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் இ20-ல், எத்தனால் கலக்காத பெட்ரோலை விட 6 முதல் 7 சதவீதம் வரை சக்தி குறைவு. ஆனால் எத்தனாலின் ஆக்டேன் அளவு அதிகம். அதற்கேற்ப ட்யூன் செய்த என்ஜின் இந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டும்.

2021-ல் வந்த நிதி ஆயோக் அறிக்கை, பழைய வடிவமைப்புள்ள டூவீலர்களில் 3 முதல் 4 சதவீதமும், கார்களில் 6 முதல் 7 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்றது. 10 சதவீத எத்தனாலுக்கு வடிவமைத்து, இ20-க்கு ட்யூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்தான். மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் சொன்ன கணக்கும், அப்படிப்பட்ட கார்களுக்கு 1 முதல் 2, மற்ற வண்டிகளுக்கு 3 முதல் 6 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தினமும் 50 கி.மீ., மாதம் 26 நாள் ஓட்டினால் 1,300 கி.மீ. லிட்டருக்கு 50 கொடுத்தால் 26 லிட்டர் போதும். 6 சதவீதம் குறைந்து 47 ஆனால் சுமார் 27.7 லிட்டர். 40 ஆனால் 32.5 லிட்டர்!

ஆக, எத்தனாலால் கூடுவது மாதம் இரண்டு லிட்டருக்கும் குறைவு. மீதி ஐந்து லிட்டர், அதாவது ஐந்நூறு ரூபாய் போல, வேறு எங்கோ போகிறது. அதைக் கண்டுபிடித்தால் நிறுத்திவிடலாம்.

முதலில் சரியாக அளந்து பாருங்கள்

‘ரிசர்வ் விழுந்துச்சு, நூறு ரூபாய்க்குப் போட்டேன்’ என்ற கணக்கு சரிவராது. டேங்கை நிரப்பி, ஓடிய கி.மீ.-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். 200 கி.மீ.-க்குக் குறையாமல் ஓட்டிவிட்டு, அதே பங்கில், அதே அளவுக்கு மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். ஒவ்வொரு தடவையும் பில்லைக் கேட்டு வாங்கி, பங்கை விட்டு வெளியே வந்தபின் போனில் படம் எடுத்து வையுங்கள். பெட்ரோல் போடும் இடத்தில் போன் வேண்டாம்.

வண்டியின் வயதையும் பாருங்கள். தயாரித்த மாதம், வருடம் உங்கள் ஆர்.சி.யில் இருக்கும், டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியிலும் பார்க்கலாம். இ20-க்கு ஏற்ற வண்டிகள் 2023 ஏப்ரல் முதல் வரத் தொடங்கின. உங்கள் வண்டி எதற்கு ஏற்றது என்பதை, வண்டியோடு கொடுத்த கையேடு சொல்லும்.

வண்டியிலா, பெட்ரோலிலா?

டயரில் காற்று, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், செயின், பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டியில் பெட்ரோல் குழாய், கேஸ்கெட் போன்ற ரப்பர் பாகங்களையும் மறக்காமல் பார்க்க வேண்டும். எத்தனால் சில பழைய ரப்பர்களைச் சீக்கிரம் கெடுக்கும். பட்டாசு ஆலைக்குப் போகிற வண்டியில் ஒரு சொட்டுக்கூடக் கசியக் கூடாது.

எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அளவு மீறினால், எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும்; வண்டி திணறும். மழைக்காலத்தில் டேங்க் மூடி சரியாக மூடுகிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டு வைக்காதீர்கள்.

பங்கில் உங்களுக்கு உள்ள உரிமை

பெட்ரோல் தரத்தில் சந்தேகம் வந்தால், ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கலாம். பேப்பரில் விடும் பெட்ரோல் துளி இரண்டு நிமிடத்துக்குள் கறையில்லாமல் ஆவியாக வேண்டும். கறை தங்கினால் மண்ணெண்ணெய் போன்ற கலப்படம் இருக்கலாம்.

அடர்த்திச் சோதனையும் கேட்கலாம். 15 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்ட அடர்த்தி, அன்று பங்கில் பதிவு செய்ததிலிருந்து கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் மாறுபடக் கூடாது.

அளவில் சந்தேகமா? முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம். இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. பெட்ரோல் போடும் முன் மீட்டரில் பூஜ்யம் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

புகார் எங்கே?

பங்கிலேயே புகார்ப் புத்தகம் இருக்கும், அதில் எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அளவு குறைந்தால் தமிழ்நாடு தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு விசாரிக்கும். முதல்வரின் உதவி மையம் 1100-ஐயும் அழைக்கலாம். திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் கொடுக்கலாம். தேதி, நேரம், பில், மூன்று முறை அளந்த கணக்கு எல்லாம் கையில் இருந்தால் உங்கள் புகாருக்கு வலு கூடும்.

அடுத்த தடவை டேங்க் நிரப்பும்போது மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனால் எவ்வளவு தின்கிறது, மற்றது எவ்வளவு தின்கிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.